இலை வாடினா தண்ணி ஊத்தாதீங்க, வேரை பாருங்க | ரங்கூன் பால்கனி ஆர்க்கிட்

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதா, மழை, பால்கனி தகரத்துல விழுது. நிக்கட்டும் நிக்கட்டும்னு ரெண்டு மணி நேரமா உக்காந்து பாத்தேன், ஆகஸ்ட் மாசம் ரங்கூன்ல மழை விட்டதுக்கு அப்புறம் வீடியோ எடுக்கணும்னா அக்டோபர்லதான் எடுக்கணும், அதனால அப்படியே பேசிடறேன், காது குடுத்து கேளுங்க.

இதோ, பேஷண்ட் இவங்கதான். ஃபெலனாப்ஸிஸ். நர்சரில பூவோட விக்கிற ஆர்க்கிட்ல முக்காவாசி இதுதான். பொங்கலுக்கு வாங்குனோம், வெள்ளைல ஒம்போது பூ, மார்ச் கடைசி வரைக்கும் ஒண்ணு கூட உதிரல, வந்தவங்க எல்லாம் பிளாஸ்டிக் பூவான்னு கேட்டாங்க. இப்ப இலைய பாருங்க, கிட்ட காட்டுறேன் இருங்க... ஃபோகஸ் ஆக மாட்டேங்குது... ஆங். நீளவாக்குல வரி வரியா சுருக்கம் தெரியுதா? தொட்டா தொளதொளன்னு இருக்கு, ரெண்டு நாள் வெளிய கெடந்த வெத்தலை மாதிரி. நல்ல இலைன்னா விறைப்பா நிக்கும்.

இத பாத்தா யாருக்கும் தாகம்னுதான் தோணும். எங்க அத்தைக்கும் அதான் தோணுச்சு. காலைல துளசிக்கு ஊத்துன சொம்புல மிச்சத்த இதுக்கு ஊத்திட்டு போவாங்க, இலை சுருங்க சுருங்க இன்னும் ரெண்டு மொடக்கு சேத்து. அவங்கள குத்தம் சொல்லல, நானும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். ரெண்டு வாரம் கழிச்சுத்தான் உறைச்சுது, ஊத்த ஊத்த வாடுதுன்னா அதுக்கு குடிக்க வாயே இல்ல, வேர் போயிருச்சு. தண்ணி இல்லாம காஞ்சாலும் இலை இப்படித்தான் சுருங்கும், தண்ணி அதிகமாகி வேர் அழுகுனாலும் இதே சுருக்கம்தான், இலைய மட்டும் பாத்து எதுன்னு சொல்லவே முடியாது. தொட்டிய கழட்டித்தான் பாக்கணும்.

கழட்டுறேன். மெதுவா, இழுக்க கூடாது, ஓரத்த அமுக்கி விட்டா தானா வரும். ஓரத்துல இருக்கிற வேர் நல்லாத்தான் இருக்கு, அதனாலதான் வெளிய இருந்து பாக்கும்போது ஏமாந்துட்டேன். நடுவுல பாருங்க. பாசிய உருண்டை புடிச்ச மாதிரி இறுக்கி வெச்சிருக்காங்க, சின்ன நாத்தா இருந்தப்ப வெச்சது, அத எடுக்காம சுத்தி மரப்பட்டைய போட்டு வித்துடறாங்க. மேல எல்லாம் காஞ்சு கெடக்கும், இந்த நடு உருண்டை மட்டும் வாரக்கணக்குல ஈரமா இருக்கும். மோந்து பாத்தேன், ம்ஹும், சாக்கடை வாடை.

இப்ப இந்த வேர். வெள்ளி நிறத்துல ஒரு தோல் இருக்குல்ல, அது ஸ்பாஞ்சு மாதிரி, காஞ்சா சாம்பல் கலர், தண்ணி பட்டா ஒரு நிமிஷத்துல பச்சை. உயிரோட இருக்கிறத அமுக்குனா கெட்டியா இருக்கும். செத்தது இதோ... இப்படி இழுத்தா தோல் உறை மாதிரி உருவிக்கிட்டு வந்துரும், உள்ள நூல் மட்டும் நிக்கும். எண்ணி பாத்தேன், பதினாலு வேர்ல தேறுனது நாலு. நாலும் ஓரத்துல இருந்ததுதான்.

கத்திரிக்கோல அடுப்பு தீயில காட்டிட்டு செத்த வேர வெட்டுங்க, ஒரு செடி முடிச்சு அடுத்த செடிக்கு போகும்போது திரும்ப காட்டுங்க, இல்லன்னா நோய நாமளே தூக்கிட்டு போய் ஒட்டுறோம். கறிக்கு போடுற பட்டைய பொடி பண்ணி வெட்டுன வாயில மட்டும் ஒரு சிட்டிகை. அத வேர் பூரா பூசாதீங்க, பட்டைத்தூள் ஈரத்த உறிஞ்சிரும், இருக்கிற நாலு வேரும் காஞ்சு போகும்.

அப்புறம் நடுக்குருத்து. இது முக்கியம், ஏன்னா இந்த செடி ஒரே உச்சியில இருந்துதான் வளரும், குருத்து கறுத்து, இழுத்தா கையோட வந்துச்சுன்னா மேல வளர்ச்சி அவ்ளோதான், அதிர்ஷ்டம் இருந்தா அடியில குட்டி போடும். எனக்கு குருத்து பச்சையா இருக்கு. அதுல தண்ணி தேங்குனா டிஷ்யூவ திரிச்சு விட்டு ஒத்தி எடுத்துருங்க, ராத்திரி தேங்க விடவே கூடாது.

...ஆ, கரண்டு போயிருச்சு. இருங்க, டார்ச் போடுறேன். வழக்கம்தான்.

சரி, தெரியுதா? திரும்ப எதுல வைக்கிறதுன்னா, கரித்துண்டு, பர்மீஸ்ல மீத்வேன்னு கடைல கேட்டா தருவாங்க, கூட ஊற வெச்ச தேங்காமட்டை துண்டு. ஒரு வீசை கரி வாங்குனா நாலஞ்சு தொட்டிக்கு வரும். இந்த வீசை நம்ம ஊர்ல கிலோ வந்து போயே போச்சு, இங்க இன்னும் கடைல அதுலதான், இங்க ஒரு வீசைன்னா 1.63 கிலோ. மண்ணு மட்டும் வேண்டாம். பர்மால ஆர்க்கிட்டுக்கு தித்க்வான்னு பேரு, மரத்துக் கவைன்னு அர்த்தம், அது எங்க வளருதுன்னு பேருலயே இருக்கு. மழை கொட்டும், பத்து நிமிஷத்துல வடிஞ்சிரும், அப்புறம் காத்து. அந்த காத்துதான் அந்த பாசி உருண்டைக்குள்ள இல்லாம போச்சு.

வெளிநாட்டு வீடியோல வாரம் மூணு ஐஸ்கட்டி வைங்க, செடிய பிளாஸ்டிக் பையில கட்டி வைங்கன்னு சொல்வாங்க. பை ஐடியா தப்பில்ல, ஹீட்டர் போட்டு காஞ்சு கெடக்கிற ரூமுக்கு அது சரி, காத்துல ஈரம் வேணும்ல. இங்க ஆகஸ்ட்ல துணியே மூணு நாளா காயல, இதுல பையில கட்டுனா பூஞ்சைதான் வரும். எனக்கு பையும் வேண்டாம் ஐஸும் வேண்டாம், கிழக்கு ஜன்னல், வெளிச்சம் வரணும் உச்சி வெயில் படக்கூடாது. உரம் இப்ப கண்ணுலயே காட்டாதீங்க, வேர் இல்லாதவனுக்கு விருந்து எதுக்கு.

தொட்டி கூட இல்ல, ஐஸ் காபி குடிச்ச பிளாஸ்டிக் கப்பு, ஆணிய சுட்டு அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை போட்டிருக்கேன். ஏன் கப்புன்னா, இப்ப பாருங்க, கரண்டு போனதும் நல்லதுதான், பின்னாடி டார்ச் அடிக்கிறேன்... உள்ள வேர் தெரியுதா? பச்சையா இருந்தா ஊத்தாதீங்க. வெள்ளியா மாறி, கப்பு சுவத்துல ஆவி இல்லாம இருந்தா ஊத்துங்க. கிழமை கணக்கெல்லாம் கெடையாது.

(இது வேற நாள், அக்டோபர்.)

ஏழு வாரம் ஆச்சு. சுருங்குன இலை நிமிரல, அது நிமிராமலே போனாலும் போகும், அத பாத்து மனசு விடாதீங்க. ஆனா இங்க, ரெண்டாவது இலைக்கு கீழ, மொளகு சைஸ்ல பச்சையா ஒண்ணு. நான் பூத்தண்டுன்னு குதிச்சேன். பூத்தண்டுன்னா நுனி கையுறை மாதிரி லேசா பிரிஞ்சு கோணலா இருக்கும், இது உருண்டையா பளபளன்னு இருக்கு. வேர்தான். எனக்கு இப்ப பூவ விட இதுதான் வேணும். தண்டு விடுறதுக்கு குளிர்ச்சி வேணும், டிசம்பர் ராத்திரி குளிர்ல விட்டா கூட வெட்டிரலாமான்னு இருக்கேன், நாலு வேர வெச்சுக்கிட்டு பூக்க வெச்சா செடி செத்துரும். நீங்களா இருந்தா வெட்டுவீங்களா விடுவீங்களா, கமெண்ட்ல சொல்லுங்க.

சரி அத்தை வர்றாங்க, கையில சொம்பு இருக்கு, நான் கப்ப எடுத்து உள்ள வெக்கிறேன்.