எத்தனை வரி எழுதணும், மிஸ்?

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், தலைமையாசிரியருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மார்களுக்கும் அப்பாக்களுக்கும், கூடவே வந்திருக்கிற ஆத்தா, தாத்தாக்களுக்கும் என் வணக்கம்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பலப்பத்தைக் கொடுத்துப் பாருங்கள். சிலேட்டு, தரை, சுவர், தண்ணீர்த் தொட்டி என்று ஒன்றையும் விடாது. கிறுக்கிவிட்டு, "இது எங்க மாமா வண்டி" என்று கதையும் சொல்லும். அதே பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்ததும், "இன்றைக்குக் கட்டுரை எழுதலாம்" என்று டீச்சர் சொன்னால் முதலில் கேட்பது என்ன தெரியுமா? "எத்தனை வரி எழுதணும், மிஸ்?"

இந்தக் கேள்வி வந்துவிட்டாலே ஏதோ பழுதாகிவிட்டது என்று அர்த்தம். யாருக்காவது ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று இருப்பவன் வரியை எண்ண மாட்டான். திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த பிள்ளை, "எத்தனை நிமிஷம் பேசணும், அம்மா?" என்று கேட்டதுண்டா? எழுதுவது யாருக்கும் எதையும் சொல்வதற்காக இல்லை, மார்க்குக்காகத்தான் என்று அந்த மூன்று வருடத்தில் நாம் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். பிள்ளைக்கு எழுத்தில் ருசி வர வேண்டுமென்றால், அது எழுதியதை ஆசையோடு வாசிக்க ஓர் ஆள் வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதுதான்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். கரும்பலகையிலும் எழுதிப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

"எங்க ஆடு குட்டி பொட்டுச்சி. ரெண்டு குட்டி. ஒன்னு கருப்பு. ஒன்னு செத்து பொச்சி. அம்மா பாள் கரக்கல. நா அலுதேன்."

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் இதில் சுழிக்காத இடமே இருக்காது. ஆனால் இதில் ஒரு வீடே இருக்கிறது. பிறப்பு, சாவு, அம்மா அன்றைக்குப் பால் கறக்காமல் விட்டது, இவன் அழுதது, எல்லாம் ஆறே வரியில். பெரியவர்களில் எத்தனை பேரால் இப்படிச் சொல்ல முடியும்?

அந்தப் பிழைகளையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 'போட்டுச்சு' என்பதைப் 'பொட்டுச்சி' என்று எழுதியிருக்கிறான். இரட்டைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு. 'போச்சி'யிலும் அதே கதைதான். 'கறக்கல' 'கரக்கல' ஆகிவிட்டது. அவன் காதுக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். நம்மில் பல பேருக்குமே பேச்சில் அந்த வித்தியாசம் கிடையாது. 'அழுதேன்' என்பதை 'அலுதேன்' என்று எழுதியிருக்கிறான். அவன் வாய் ழகரத்துக்கு இன்னும் பழகவில்லை. எனக்குப் பிடித்த பிழை 'பாள்'. அவனுக்கு 'பால்' என்று சொல்ல வரும். இருந்தாலும் ளகரம் என்று ஒன்று இருக்கிறது, எங்கோ அதைப் போட்டாக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. இங்கே போட்டுப் பார்த்திருக்கிறான். இவன் எதையும் பார்த்து எழுதவில்லை. தான் பேசுவதைக் காதால் கேட்டு, ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்திருக்கிறான். 247 எழுத்துள்ள மொழியில் எட்டு வயதுப் பிள்ளைக்கு இது லேசான வேலையா?

அவனுடைய டீச்சர் செய்ததைச் சொல்கிறேன். எதையும் அடிக்கவில்லை. கீழே மூன்று வரி எழுதினார்: "படிச்சதும் எனக்கும் அழுகை வந்தது. அம்மா ஏன் பால் கறக்கவில்லை? கருப்புக்குட்டி நன்றாகப் பால் குடிக்கிறதா?" அவ்வளவுதான். அவன் தப்பாக எழுதிய சொற்களில் சில அந்தப் பதிலுக்குள் சரியாக எழுதப்பட்டு உட்கார்ந்திருக்கின்றன. மறுநாள் பையன், யாரும் சொல்லாமலேயே எழுதிக்கொண்டு வந்தான்: "அம்மா சொன்னிச்சி குட்டி குடிக்கட்டும்னு. இப்ப பால் கறக்குது." பாலும் சரி, கறக்குதும் சரி. இம்போசிஷன் எழுதிக் கற்றுக்கொண்டதில்லை. பதில் எழுத வேண்டியிருந்தது, கண்ணெதிரே சொல் இருந்தது, எடுத்துக்கொண்டான்.

இம்போசிஷன் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பேசினாயா, நூறு தடவை எழுது. வீட்டுப்பாடம் செய்யவில்லையா, ஐந்து பக்கம் எழுது. தண்டனைக்கு நமக்குக் கிடைத்த கருவி எழுத்துதான். நூறு தடவை ஓடச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருவீர்கள். நூறு தடவை எழுதச் சொன்னால், நல்லதுதானே என்று விட்டுவிடுகிறீர்கள். தண்டனையாகக் கொடுத்த ஒன்றைப் பிள்ளை எப்படி ஆசையாகச் செய்யும்? ஆசிரியத் தோழர்களே, இந்தப் பள்ளியில் இன்றோடு இம்போசிஷனை நிறுத்திவிடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

"அம்மா சொன்னிச்சி" என்று எழுதினால் கொச்சை இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழில் பேசுவது ஒரு மாதிரி, எழுதுவது ஒரு மாதிரி. வீட்டில் 'வந்துச்சு', புத்தகத்தில் 'வந்தது'. பிள்ளை எழுத உட்காரும்போதே இரண்டு வேலை: சொல்ல வேண்டியதை யோசிக்க வேண்டும், அதைப் புத்தகத் தமிழுக்கு மாற்றவும் வேண்டும். சின்னப் பிள்ளையிடம் இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் பயந்துபோய், யாரோ எழுதிய வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வீட்டில் மாடு கட்டியிருக்கிற பிள்ளையும், "பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்றே எழுதுகிறது. அந்தப் பிள்ளை வீட்டு மாட்டுக்குப் பெயர் உண்டு, கொம்பில் பெயிண்ட் உண்டு, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் புகுந்து ஏச்சு வாங்கின கதை உண்டு. கட்டுரையில் அதில் ஒன்றாவது வருகிறதா? முதலில் பேசுகிறபடியே எழுதட்டும். மூன்றாம், நான்காம் வகுப்பில் தான் எழுதியதைத் தானே புத்தகத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். சொல்ல ஒரு விஷயம் கையில் இருக்கும்போது மாற்றுவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

சரி, பிழைக்கு இவ்வளவு பயம் எப்போது வந்தது? நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார்கள். தப்பாக வந்தால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். தப்பு எங்கேயும் தங்காது. கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். 1789-ல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியைக் கவனிக்க ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் வந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். முன்னால் படித்த பிள்ளை பின்னால் வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பிப் போய் 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகள் அதற்கு வைத்த பெயரே 'மெட்ராஸ் முறை'. நம் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போன விஷயம் இது. நாமோ இன்று எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, கோட்டைத் தாண்டினால் அதட்டுகிறோம்.

அந்தப் பிள்ளையின் கையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி முடிவதற்குப் பத்து வயது தாண்டிவிடும். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து ஒன்றிலிருந்து நூறு வரை எழுத வைத்தால் வலிக்கும். அதற்குச் சொல்லத் தெரியாது. அழும், நாம் பிடிவாதம் என்போம். அந்த வயதில் கைக்கு வேறு வேலை கொடுங்கள். மாவு பிசையட்டும், பூக் கட்டட்டும், பல்லாங்குழி ஆடட்டும், வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடட்டும், பையனும்தான். விரலுக்குப் பலமும் பிடியும் வந்துவிட்டால் பென்சில் தானாக நிற்கும். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. அப்புறமும் எத்தனை வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு அழுகைச் சத்தம் கேட்கிறது?

வாசிக்க ஆள் வேண்டும் என்றேன். அது எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். பிரான்சில் செலஸ்டின் ஃபிரெனே என்று ஒரு கிராமத்து வாத்தியார். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டவர், நெடுநேரம் பேச முடியாது. வகுப்பைத் தன் குரலால் நடத்த முடியாததால் பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப்போனார். வயலையும் பட்டறையையும் பார்த்துவிட்டு வந்து அவர்கள் பேசுவார்கள், எழுதுவார்கள். 1920-களில் வகுப்பறைக்கு ஒரு சின்ன அச்சுப்பொறி வாங்கினார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்து, நாட்டின் இன்னொரு மூலையில் கடலோரம் இருந்த வேறொரு பள்ளிக்குத் தபாலில் அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது. முகம் தெரியாத பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி வாசிக்கிறார்கள் என்றதும், புரிகிற மாதிரி எழுத வேண்டும், பிழை இல்லாமல் அச்சுக் கோக்க வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கே வந்துவிட்டது. பிரம்பு எதுவும் தேவைப்படவில்லை.

நம்மிடமும் இது நடந்திருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை, அதாவது பாட அட்டைகளை வைத்துப் பிள்ளை தானே செய்து கற்கும் முறையை, மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அட்டைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு நெஞ்சில் நின்றது வேறு இரண்டு. சுவரின் கீழே பிள்ளையின் உயரத்துக்கு ஆளுக்கொரு கரும்பலகை. தலைக்கு மேலே பிள்ளைகளின் படங்களையும் எழுத்தையும் தொங்கவிடக் கம்பிப் பந்தல். தான் எழுதியது ஊர் பார்க்கத் தொங்குகிறது என்றால் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? 2022-ல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதே சமயத்தில் பள்ளிக் கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று சிறுவர் இதழ்களையும் தொடங்கியது. பிள்ளைகள் எழுதுவதும் அவற்றில் வருகிறது. நம் பள்ளியிலிருந்தும் அனுப்புங்கள். அனுப்பும்முன் பெரியவர்கள் அதைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை பெயரில் நம் எழுத்து அச்சில் வந்தால், அது பிள்ளைக்கும் தெரியும்.

வகுப்பில் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். ஓர் அட்டைப் பெட்டியில் வாய் வெட்டித் தபால் பெட்டி என்று வையுங்கள். யாரும் யாருக்கும் கடிதம் போடலாம், டீச்சருக்கும் போடலாம். வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம். காய்ச்சலில் லீவு போட்ட பிள்ளைக்கு வகுப்பே சேர்ந்து எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். சத்துணவு சமைக்கும் அக்காவுக்கு எழுதட்டும்: "நேத்து சாம்பார் நல்லா இருந்துச்சு." அந்த அக்கா பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது மறுநாளும் எழுதும்.

பெற்றோருக்கு வருகிறேன். "எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாதே, டீச்சர்" என்று வாசலிலேயே ஓர் அம்மா சொன்னார். தாயே, அது ஒரு குறையே இல்லை. நீங்கள் பிழை கண்டுபிடிக்க மாட்டீர்கள். பிள்ளை பயமில்லாமல் எழுதும். "நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். அது வாசிக்கும்போதே, விட்டுப்போனதை அதுவே கண்டுபிடிக்கும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டீர்களானால், இன்னும் இரண்டு வரி சேர்க்கும். பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும்: பாட்டி கல்யாணம் பண்ணி வந்த கதை, அந்தக் காலத்து மழை, விற்றுப்போன மாடு. எழுதும் பிள்ளைக்குப் பாட்டி பேச்சு கிடைக்கிறது, பாட்டிக்குத் தன் கதை தாளில் நிற்கிறது.

மற்றதெல்லாம் அன்றாட வேலையோடு போகிறவை. மளிகைக் கடைக்குச் சீட்டுப் பிள்ளை எழுதட்டும், 'து. பருப்பு' என்று எழுதினால் கடைக்காரருக்குப் புரியாமலா போகும்? வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்குப் போனில் பேசுவதோடு ஓர் அஞ்சல் அட்டையும் போடட்டும். ஒரு ரூபாய்க்குள்தான் ஆகும். அப்பாக்களே, வந்த அட்டைக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். "கையெழுத்து ஏன் இப்படி இருக்கு?" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற கேள்வி: பிழையைத் திருத்தாமல் விட்டால் அது அப்படியே படிந்துவிடாதா, பரீட்சையில் என்ன ஆகும்? திருத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனி நேரம் வையுங்கள். வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள்: இந்த வாரம் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, அடுத்த வாரம் ரகரமும் றகரமும். பிள்ளை தன் பழைய தாளை எடுத்து, அதை மட்டும் தானே தேடித் திருத்தட்டும். ஒரே தாளில் இருபது சிவப்பு வட்டம் போட்டால் அது இருபதையும் கற்றுக்கொள்ளாது. அடுத்த தடவை எழுதுவதைக் குறைத்துக்கொள்ளும். தெரிந்த சொல்லை மட்டும் வைத்து மூன்று வரியில் முடித்துவிடும். பிழை குறையும், உண்மைதான். அதோடு பிள்ளையும் அந்தத் தாளிலிருந்து காணாமல் போய்விடும். பரீட்சையைப் பற்றி ஒன்றே ஒன்று: நிறைய எழுதிப் பழகிய கைக்கு ஐந்தாம் வகுப்பில் கட்டுரை பயமாக இருப்பதில்லை. வருடக்கணக்கில் வகுப்பறையில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பேசியது போதும். மூன்றாம் வகுப்பறையில் பிள்ளைகள் எழுதியவற்றைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஆசிரியர்கள் யாரும் திருத்தவில்லை. எல்லோரும் உள்ளே போய் வாசியுங்கள். உங்கள் பிள்ளையின் தாளை மட்டும் தேடாமல், வேறு பிள்ளைகள் எழுதியதில் குறைந்தது இரண்டையாவது வாசியுங்கள். ஒவ்வொரு தாளின் கீழேயும் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மேசை மேல் பென்சில் இருக்கிறது. எழுத வராதவர்கள் அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, உங்கள் பதிலை வாயால் சொல்லுங்கள், அது எழுதிக்கொள்ளும். நன்றி, வணக்கம்.