லீவு கேட்ட சிஸ்டர்

நேயர்களுக்கு வணக்கம். வார்டில் செவிலியர்களுக்குள் மனக்கசப்பு எங்கிருந்து வருகிறது என்று இன்று பார்ப்போம். 36 படுக்கை உள்ள ஒரு வார்டு. எத்தனை செவிலியர் வேண்டும்? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு நம் நாட்டில் சொல்லப்படும் அளவு 1:3. ஒரு நர்சுக்கு மூன்று நோயாளிதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்கு அப்படியில்லை. மூன்று படுக்கைக்கு ஒரு பணியிடம் என்றால், மொத்தப் பணியிடம் 12. மூன்று ஷிஃப்டாகப் பிரித்தால் வேளைக்கு 4 பேர், ஆளுக்கு 9 நோயாளி. வார ஓய்வு, பிரசவ விடுப்பு, காய்ச்சல் தலைவலிக்கு என்று இன்னும் 30 சதவீதம் சேர்க்க வேண்டும். ஆக, 16 பேர்.

அந்த நாலு பேரைப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? ராத்திரியில் இரண்டே பேர் நிற்பார்கள், ஆளுக்கு 18 நோயாளி. யாராவது லீவு சொன்னால், காலை டியூட்டி முடித்தவர் மதியமும் இருந்தாக வேண்டும். காலியிடத்தைத் திட்ட முடியாதே! லீவு கேட்ட சிஸ்டர்தான் திட்டு வாங்குவார்.

புதிதாகச் சேர்ந்தவர் பாடு இதைவிட மோசம். நோய்த்தொற்றுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிராம் மருந்தை 10 மில்லி ஊசி நீரில் கரைத்து, நரம்பில் 2 முதல் 4 நிமிடம் வரை மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரத்தில், தொங்கிக்கொண்டிருக்கும் ரிங்கர் லாக்டேட் டிரிப் பாட்டிலிலேயே கலந்துவிட்டால், அதிலுள்ள கால்சியத்தோடு மருந்து சேர்ந்து வீழ்படிவாகத் திரியும். நோயாளிக்கு அது ஆபத்து. கலக்கலாமா என்ற சந்தேகம் புதியவருக்கு வரத்தான் செய்யும். ஆனால் போன தடவை ஏதோ கேட்டபோது, "காலேஜ்ல இதுகூடச் சொல்லித் தரலையா?" என்று நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே சீனியரிடமிருந்து பதில் வந்திருந்தால், இந்தத் தடவை கேட்க வாய் வராது. சீனியர் பண்புக் குறையோடு முடிகிற விஷயமில்லை இது, மருந்துப் பிழையில் கொண்டுபோய் விடும். திருத்த வேண்டியதைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

டியூட்டி மாறும் நேரமும் சண்டைக்குப் பேர்போனது. மேசையில் உட்கார்ந்து நோட்டைப் படித்து ஒப்படைத்தால், அரை மணி கழித்து, "டிரிப் ஓடவே இல்லை, கை வீங்கியிருக்கு, நைட் சிஸ்டர் பார்க்கவே இல்லை" என்ற பேச்சு கிளம்பும். படுக்கையருகே இருவரும் நின்று நாலு விஷயம் பார்த்தால் போதும்: ஊசி ஏற்றிய இடம், டிரிப்பில் மீதி எத்தனை மில்லி, சிறுநீர்ப் பையின் அளவு, அடுத்த மருந்து எத்தனை மணிக்கு. இருவரும் கண்ணால் பார்த்ததை வைத்து யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது டியூட்டி சார்ட். இன்சார்ஜ் சிஸ்டர் வேண்டியவர்களுக்கு ஞாயிறு ஆஃப் கொடுக்கிறார் என்ற முணுமுணுப்பு இல்லாத வார்டு அபூர்வம். பல நேரம் அது வெறும் சந்தேகம், சில நேரம் உண்மையும்கூட. போன மாதம் யாருக்கு எத்தனை நைட், எத்தனை ஞாயிறு ஆஃப் என்று பெயருக்கு நேரே எழுதி, புது சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். இதனால் ஆள் எண்ணிக்கை கூடிவிடாது, ஆனால் முணுமுணுத்தவர் சுவரைப் பார்த்து எண்ணிக்கொள்வார். கீழே மூன்றாவதாக ஒரு வரியும் எழுதலாம்: நிரப்பப்படாத இடம், 4.