ஊடறுக்கும் ஒரு சொல்

(சேலத்தில் ஆங்கில ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மழைக்காலத்தில் ஏற்காட்டுச் சாலையில் மரம் விழுவதும் மண் சரிவதும் நமக்குப் புதிய செய்தி அல்ல. அப்படியொரு நாளைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் எழுதுமாறு ஒருமுறை என் வகுப்பில் சொல்லியிருந்தேன். அதில் 'டிராஃபிக் வாஸ் இன்டரப்டட்' என்று வந்த இடத்தில், பாதிப் பிள்ளைகள் 'போக்குவரத்து குறுக்கிடப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்டரப்ட் என்ற சொல்லுக்கு அகராதி முதலில் தரும் பொருள் 'குறுக்கிடு' என்பதுதான். ஆகவே அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நாள்தோறும் ஏறி இறங்கும் பேருந்தின் நடத்துநர் ஒருபோதும் அப்படிச் சொல்ல மாட்டார். போக்குவரத்து தடைபட்டது என்றுதான் சொல்வார். அவருக்கு இயல்பாக வரும் சொல் நம் வகுப்பறைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியே இந்த உரைக்குக் காரணம்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையே. 'ரும்பரே' என்றால் உடைத்தல், முறித்தல், அறுத்தல். இந்த ரும்பரே ஒரு பெரிய குடும்பத்துக்குத் தாய். எரிமலை வெடித்தெழுவதைக் குறிக்கும் 'எரப்ட்', நெறி கெடுவதைக் குறிக்கும் 'கரப்ட்', சட்டென்று முறிவதைக் குறிக்கும் 'அப்ரப்ட்' ஆகியவை அதன் பிள்ளைகள். கடனில் மூழ்கியவரைச் சொல்லும் 'பேங்க்ரப்ட்' என்பது, உடைந்த பலகை என்று பொருள்படும் இத்தாலியத் தொடரின் வழியாக வந்து அதே குடும்பத்தில் சேர்ந்துகொண்டது. இவற்றுள் இன்டரப்டுக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. உடைவு நிகழ்வது நடுவில். அதனால் உடைந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் ஒரு பகுதி இருக்கிறது, அந்தப் பக்கமும் ஒரு பகுதி இருக்கிறது.

தமிழில் இதற்கு எழுத்துக்கு எழுத்து ஒத்த சொல் ஒன்று பழைய நாளிலிருந்தே இருக்கிறது. ஊடு என்றால் இடை. அறு என்றால் அறுத்தல். இரண்டும் சேர்ந்தால் ஊடறு. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின் குறுக்கே ஓடும் நூலை 'ஊடை' என்று அழைக்கும் நெசவாளர்கள் வாழும் ஊரில் இதை விளக்க நான் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. அம்மாப்பேட்டையிலோ எளம்பிள்ளையிலோ ஒரு தறியின் அருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துகிறார். அறுந்த இரண்டு முனைகளையும் தேடி எடுத்து முடிச்சிடுகிறார். பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் விழுதிலும் அச்சிலும் அந்த இழை தன் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு விட்ட இடத்திலிருந்து நெய்கிறார். இன்டரப்ட் என்னும் சொல்லின் முழுப் பொருளும் அந்தச் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது. துணி முடிந்து தறியிலிருந்து அறுத்து எடுப்பதை அந்தச் சொல்லால் குறிக்க முடியாது. 'தி டீச்சர் இன்டரப்டட் தி கிளாஸ்' என்று எழுதிவிட்டு, ஆசிரியர் வகுப்பை முடித்துக்கொண்டார் என்று பொருள்கொள்ளும் மாணவர் தவறுவது இங்கேதான். தொடர வேண்டியது ஒன்று மீதம் இருக்கும் இடத்தில்தான் இச்சொல்லுக்கு வேலை உண்டு.

அடுத்தது இலக்கணம். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் பிள்ளைகள் பேச்சில் அடிக்கடி கேட்கும் 'டோன்ட் இன்டரப்ட் இன் மை ஸ்பீச்' என்ற பிழை அறியாமையால் வருவதன்று. தமிழ் இலக்கணம் சரியாகத் தெரிந்திருப்பதால் வருவது. நாம் 'என் பேச்சில் குறுக்கிடாதே' என்கிறோம். குறுக்கிடு என்னும் வினை 'இல்' உருபைக் கேட்கிறது. அந்த 'இல்' ஆங்கிலத்தில் 'இன்' ஆகி வந்து நிற்கிறது. ஆங்கில வினையோ இடையில் எதையும் ஏற்காமல் நேராகச் செயப்படுபொருளைப் பற்றிக்கொள்கிறது: 'டோன்ட் இன்டரப்ட் மீ'. தமிழில் இதற்கு இணையாக நடப்பது 'இடைமறி' என்னும் வினை. 'அவரை இடைமறித்துக் கேட்டேன்' என்று இரண்டாம் வேற்றுமையோடு சொல்கிறோம் அல்லவா? ஆகவே ஒருவர் பேச்சை நிறுத்திக் கேட்கும் இடத்தில் இடைமறி என்பதையே முதலில் கற்பியுங்கள். உருபுக் குழப்பம் பெருமளவு குறைந்துவிடும். 'இன்டர்ஃபியர்' என்பது வேறு. அது பிறர் காரியத்தில் தலையிடுவது. அதற்கு ஆங்கிலத்திலும் 'இன்' அல்லது 'வித்' வேண்டும்.

பேச்சுக்கு அப்பால் இச்சொல் செல்லும் இடங்கள் பல. எல்லார் வீட்டிலும் யூ.பி.எஸ். என்று அழைக்கிறோமே, அதன் முதல் எழுத்துக்குள் ஒளிந்திருப்பது 'அன்இன்டரப்டிபிள்' என்ற சொல். தமிழில் தடையில்லா மின்வழங்கி. மக்களவை நடவடிக்கைக் குறிப்பின் ஆங்கிலப் பதிப்பில், உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் எழுந்து குரல் கொடுத்த இடங்களில் 'இன்டரப்ஷன்ஸ்' என்ற ஒரு சொல் மட்டும் அடைப்புக்குறிக்குள் நிற்கும். அங்கே குறுக்கீடு என்பதே சரி. அறுவை மருத்துவத்தில் 'இன்டரப்டட்' தையல் என்றால், ஒரே இழையாக ஓடாமல் ஒவ்வொரு தையலும் தனித்தனியே முடிச்சிடப்பட்டது. ஒன்று அவிழ்ந்தாலும் மற்றவை காயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் குறுக்கீட்டுத் தையல் என்றால் ஒருவருக்கும் விளங்காது. விட்டுவிட்டுப் போடும் தையல் என்றால் உடனே விளங்கும்.

கணினித் துறையில் இச்சொல் தன் மேலிருந்த பழியை முற்றிலும் களைந்துவிட்டது. நீங்கள் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தியதும் செயலிக்கு, அதாவது கணினியின் புராசசருக்கு, இன்டரப்ட் என்னும் ஒரு சமிக்ஞை போகிறது. செயலி தான் செய்துகொண்டிருந்த வேலை எந்த இடத்தில் நின்றது என்பதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. வந்த வேலையைக் கவனிக்கிறது. பின்பு குறித்து வைத்த அதே இடத்துக்குத் திரும்புகிறது. அந்த நெசவாளர் செய்ததும் இதுவே. இவ்வமைப்பு இல்லையென்றால், செயலி ஒவ்வொரு கருவியிடமும் 'ஏதாவது உண்டா, ஏதாவது உண்டா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே தன் நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். சில இடைமறிப்புகளைச் செயலி சிறிது நேரம் தள்ளிவைக்கலாம்; எந்த நிலையிலும் தள்ளிவைக்க முடியாதவையும் உண்டு. இங்கே இச்சொல் பெயர்ச்சொல்லாகவும் நிற்பதைக் கவனியுங்கள். வினையாக வரும்போது அழுத்தம் கடைசி அசையில் விழும். இந்தப் பெயர்ச்சொல்லைச் சொல்லும்போது முதல் அசையில் விழும்.

இடையில் வரும் ஒலி எல்லாம் இடைமறிப்பாகிவிடாது என்பதை நம் பாட்டிமார்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கதை கேட்கும் பிள்ளை 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தூங்கிவிட்டதென்று கதையை நிறுத்திவிடுவார்கள். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுபவர் இல்லாமல் கதை நகராது. இவர்களை ஆங்கிலத்தில் இன்டரப்ட் செய்தார்கள் என்று எழுதினால் அது பெரும்பிழை. மறுபுறம், வேண்டாத நேரத்தில் உள்ளே நுழைபவரைச் 'சிவபூஜையில் கரடி' என்கிறோம். அந்தக் கரடி, விலங்கைக் குறிப்பதன்று, கரடிகை என்னும் இசைக்கருவியைக் குறிப்பது என்று விளக்குவோர் உண்டு. அவ்வாறாயின் அது பூசைக்கு உரியதாகவே இருந்திருக்கும். ஆனால் வழக்கில் மக்கள் மனத்தில் நிற்பது விலங்குதான், வழக்குக்கே நான் வணங்குகிறேன். மரியாதையாக இடையில் பேச விரும்பும்போது ஆங்கிலேயர் 'சாரி டு இன்டரப்ட்' என்று முதலில் வருத்தம் தெரிவிக்கிறார். நம் ஊர்ப் பெரியவரோ 'குறுக்கே பேசறேன்னு நினைச்சுக்காதீங்க' என்கிறார். வருத்தம் தெரிவிப்பதைக் காட்டிலும், தவறாக எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதே நம் வழக்கு. மொழிபெயர்க்கும்போது 'குறுக்கிடுவதற்கு வருந்துகிறேன்' என்று எழுதாமல், இந்த வழக்கையே எழுதுங்கள்.

இன்னும் ஒரு பயன்பாடு இருக்கிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று சேலம் சமவெளியைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனி ஏறி வந்து ஊரை மூடிவிடும். அப்போது ஆங்கிலம், காட்சி இன்டரப்ட் ஆனது என்று சொல்லும். நாம் பனி மறைக்கிறது என்போம். வானம் தெளிந்த மாலையில் ஆங்கிலம் 'அன்இன்டரப்டட் வியூ' என்று, உடையாத காட்சி என்னும் பொருளில், உடைவை நினைவூட்டியே பேசும். தமிழில் அதற்குக் கண்ணுக்கெட்டிய தூரம் என்று பெயர்.