சிரிப்புப் படத்துக்கு டிக்கெட் எடுக்கலாம், நடுவர் அவர்களே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மதுரை மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சிரிக்க வைப்பதற்கென்றே எடுத்த படம் காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்ததா, தகாததா என்பது தலைப்பு. தகுந்ததுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? கதை இல்லை, லாஜிக் இல்லை, ஒருத்தன் அடி வாங்க ஊரே சிரிக்கிறது, இதுக்கு எதுக்கு டிக்கெட் என்றார். அண்ணே, கதையை வைத்து அளந்தால் பாதிச் சிரிப்புப் படம் தேறாது. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்த ஆளுடைய குணத்திலிருந்து வந்தால் படம் தேறும், அவன் உருவத்திலிருந்து வந்தால் தேறாது, எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

1964-ல் ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லுவாரே, அதில் யாருக்காவது ஒரு அடி விழுந்ததா? மகன் படமெடுக்கக் காசு தரமாட்டேன் என்று விறைப்பாக நின்ற அப்பா, அதே மகன் சொல்லும் கதையைக் கேட்டு நடுங்குகிறார். கதை சொல்வது நாகேஷ், நாம் பார்த்துச் சிரிப்பதோ பாலையாவின் முகத்தை!

சரி, அடி வாங்கும் படத்துக்கே வருவோம். நம்ம மதுரைக்காரர் வடிவேலு, 2001-ல் வந்த ஃப்ரெண்ட்ஸ் படத்தில் காண்ட்ராக்டர் நேசமணி. சுத்தியல் விழுவது தலையில்தான், ஆனால் அதுவரை அவர் பண்ணிய அதிகாரம் இருக்கிறதே, அது சரிவதைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. உதார் விடுகிற ஆள் நம்ம தெருவில் இல்லையா? சட்டைக் கையை மடக்கிக்கொண்டே பின்னால் நகர்கிறவரை நாம் பார்த்ததில்லையா? அதனால்தான் 2019-ல் அந்த நேசமணி ட்விட்டரில் உலக அளவில் டிரெண்ட் ஆனார், படம் வந்து 18 வருஷம் கழித்து!

1989-ல் வந்த கரகாட்டக்காரன் இதே மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இளையராஜா பாட்டு பெரிய காரணம், மறுக்கவில்லை. அப்புறம் கவுண்டமணி வாங்கிவரச் சொன்ன அந்த இரண்டு வாழைப்பழம்? ஒன்றைத் தின்றுவிட்டு, கையும் களவுமாக மாட்டியும், மீதி ஒன்றைக் காட்டித் தன் கணக்குதான் சரி என்று செந்தில் நிற்கிற நிலை இருக்கிறதே, நாம் சிரிப்பது அந்தப் பிடிவாதத்துக்கு. அதே கவுண்டமணி, செந்தில் ஜோடி வேறு படங்களில் நிறத்தையும் உடம்பையும் வைத்துக் கேலி பண்ணியதும் உண்டு, அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கறுப்பு, குண்டு, பல்லு என்பதைத் தவிர வேறு சரக்கு இல்லாத படத்துக்குப் போகாதீர்கள் என்று இந்த மேடையிலேயே சொல்கிறேன், அதை எடுப்பவருக்கு நம்ம காசு போகக் கூடாது.

படம் பார்த்து வந்தவரிடம் கதை என்ன என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், தைரியமாக டிக்கெட் எடுங்கள். நடுவர் ஐயா, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.