இன்வெர்ட்டர் பேட்டரியைத் தொடும் முன் இந்த ஸ்பேனரைப் பாருங்கள்

வணக்கம். இந்த ஸ்பேனரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். முனையில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம் தெரிகிறதா? ஓரத்தில் இரும்பு உருகி, சின்ன மணிகளாக உறைந்திருக்கிறது. எல்லாம் ஒரு நொடியில் நடந்தது, என் கையில் இருக்கும்போதே.

அன்றைக்கு இன்வெர்ட்டரை அணைத்துவிட்டேன், பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். இனி கரண்ட் ஏது என்று தைரியமாகப் பிளஸ் நட்டைக் கழற்றினேன். சுவிட்ச் இருப்பது இன்வெர்ட்டருக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. ஸ்பேனரின் மறுமுனை மைனஸில் பட்டதும் டமாரென்று சத்தம், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம்.

12 வோல்ட் ஷாக் அடிக்காதே என்பீர்கள். அடிக்காதுதான். ஆனால் இன்வெர்ட்டரில் இருக்கிற மாதிரி பெரிய லெட் ஆசிட் (ஈயத் தகடும் ஆசிடும் உள்ள) பேட்டரியின் இரண்டு முனைகளையும் இரும்பால் இணைத்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல்கூடப் பாயும். வெல்டிங்காரர் 100 ஆம்பியரிலேயே இரும்பை உருக்கிவிடுகிறார். ஸ்பேனருக்குப் பதில் மோதிரம் பட்டிருந்தால் விரல் என்ன ஆகியிருக்கும்? இப்போது மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வைத்த பிறகுதான் பக்கத்தில் போகிறேன். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன், பாருங்கள். பார்க்க அசிங்கம்தான், இருக்கட்டும்.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியாக மைனஸ். வண்டியில் பாடி முழுக்க மைனஸோடு இணைந்திருக்கும், பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலே பொறி பறக்கும் என்பதால் வந்த பழக்கம் இது. இன்வெர்ட்டருக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் வராது. பெரிய யுபிஎஸ்களில் 16 பேட்டரியைத் தொடராக இணைத்திருந்தால் 192 வோல்ட். அது ஷாக் அடிக்கும், ஆளையும் கொல்லும். அதில் நானே கை வைக்க மாட்டேன்.

அப்புறம், தீப்பொறிக்கு நான் இவ்வளவு பயப்படக் காரணம் ஹைட்ரஜன். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து அது வெளியேறும். வாசனை கிடையாது, காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். லேசான வாயு என்பதால் மேலே போய்த் தங்கும். பேட்டரியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள் என்பது இதனால்தான். அழுகின முட்டை நாற்றம் வந்தால் அது வேறு வாயு, பெரும்பாலும் ஓவர்சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து, சார்ஜை நிறுத்துங்கள்.

தண்ணீர் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆசிட் ஊற்றவே கூடாது. முழுசாக சார்ஜ் ஏறின பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வெளியே வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் நேராக டாக்டரிடம்.

சரி, கடைசியாக இது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்த சீல்டு பேட்டரி. பக்கவாட்டில் தொப்பை போட்டிருக்கிறது, பார்த்தீர்களா? இதைத் திருப்பி மாட்டக் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. இரண்டு டெர்மினலிலும் டேப் ஒட்டியிருக்கிறேன். செத்த பேட்டரிதானே என்று சாவி, ஆணியோடு ஒரே பையில் போட்டால் அதிலிருந்தும் பொறி கிளம்பும். சாயங்காலம் கடையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.