ஊருக்கு ஓர் ஓவியக்கூடம்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர்கூட இல்லாமல், தன்னார்வலர்களே முறைவைத்து நடத்தும் ஓர் ஓவியக்கூடத்தைத் திறக்கவிருக்கிறோம். அந்த முயற்சியைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் அழைத்தமைக்கு நன்றி.

அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கும் ஊர் எங்களுடையது. ஓவியமும் சிற்பமும் பயின்ற இளைஞர்கள் ஆண்டுதோறும் அங்கிருந்து வெளிவருகிறார்கள். படிப்பு முடிந்தபின் தம் படைப்புகளை ஒரு வாரம் மாட்டிவைத்துக் காட்ட வேண்டுமென்றால், அவர்களில் பெரும்பாலோர் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டியிருக்கிறது. பிள்ளை என்ன படித்தான் என்பதைப் பெற்றோரே பார்க்க வாய்ப்பில்லாமல் போகிறது.

சிற்றூர் மக்கள் ஓவியம் பார்க்க வருவார்களா என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. திருவாரூர்த் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்குப் போய்வந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி தேவலோகத்திலிருந்து தியாகேசரைத் திருவாரூருக்குக் கொண்டுவந்த கதை, அந்த மண்டபத்தின் விதானம் முழுவதும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. காட்சிகளுக்குக் கீழே தமிழில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். பார்ப்பவனுக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறை சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஓவியர்களுக்கு இருந்திருக்கிறது. இன்றைய கலைக்கூடங்கள் பலவற்றில் படத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலக் குறிப்பு மட்டுமே இருப்பதை நினைத்தால் எனக்குச் சற்றுக் கோபமே வருகிறது. எங்கள் கூடத்தில் குறிப்புகள் தமிழில், வாசலில் நின்றே படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் இருக்கும்.

கலைஞர்கள் தாமே கூடி ஓர் இடத்தை உருவாக்குவதற்குத் தமிழ்நாட்டில் முன்னோடி உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்திருந்த இளம் ஓவியர்களும், மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் முறையில் செய்த துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அதில் சேர்ந்த பணத்தைக் கொண்டு சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். வரைவதற்கான சுதந்திரத்தைத் தங்கள் கைவேலையால் அவர்கள் சம்பாதித்துக்கொண்டார்கள். அவர்கள் குடியிருக்கவே ஒரு கிராமம் கண்டார்கள். எங்களுக்கு வேண்டியதோ ஒரு வீட்டின் கூடம் மட்டும். ஆனாலும் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆகையால் பணத்தை முதலில் ஒழுங்கு செய்தோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவான சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால், நன்கொடை எவருடைய சட்டைப்பைக்கும் போய்வர வேண்டியதில்லை. தனியார் கூடங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுத்துக்கொள்வது வழக்கம். நாங்கள் மின்கட்டணத்துக்கும் துப்புரவுக்கும் ஆகும் அளவில் சிறு பங்கு மட்டும் எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஓவியத்தை விலைக்கு வாங்குபவருக்கு அதை அச்சிட்டு நாட்காட்டியாக வெளியிடும் உரிமை தானாக வந்துவிடாது என்பதையும், பதிப்புரிமை எழுதிக்கொடுத்தால் ஒழிய வரைந்தவரிடமே இருக்கும் என்பதையும் ரசீதிலேயே குறிப்பிடவிருக்கிறோம். தாமே அறியாமல் உரிமையை இழந்த ஓவியர்கள் ஏராளம்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். முற்றமும் கூடமும் உள்ள பழைய வீடு. உரிமையாளர் வெளியூரில் இருப்பதால் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆணி அடித்தால் ஆணியோடு காரையும் பெயர்ந்து விழும். அதனால் உத்தரத்தை ஒட்டி நீளக் கம்பி ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய சங்கிலிகளில் படங்களைத் தொங்கவிடுகிறோம். நம் வீடுகளில் படத்தை நிலைக்கு மேலே மாட்டிக் கழுத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் உண்டு. இங்கே படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 5 அடி உயரத்தில், பார்வைக்கு நேராக அமையும். முற்றத்து வெயில் நீர்வண்ண ஓவியங்களுக்குப் பகை. ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், காகிதத்தில் வரைந்தவற்றின் மேல் 50 லக்ஸுக்கு மேற்பட்ட ஒளி விழாமல் பார்த்துக்கொள்வது அருங்காட்சியகங்களின் வழக்கம். நண்பகல் வெயிலோ பல்லாயிரம் லக்ஸ். ஆகவே நீர்வண்ணங்கள் உள்ளறைக்குப் போகின்றன, எண்ணெய் வண்ணங்களும் வெயில் நேரே படாத கூடத்துச் சுவரில்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஈரம் உறிஞ்சிப் படத்தின் பின்புறம் பூசணம் பிடிக்கும் என்பதால், சட்டத்தின் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓட வழி செய்கிறோம்.

இவையெல்லாம் ஒருமுறை செய்துவிட்டால் தீர்ந்துவிடும் வேலைகள். தீராத வேலை, அறிவித்த நேரத்தில் கதவைத் திறப்பது. திறப்பு விழாவுக்குப் பொன்னாடையும் ஒலிபெருக்கியும் எளிதில் கிடைத்துவிடும். ஆறாவது மாதத்தில் மழை பெய்யும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, யார் வருவார் என்று தெரியாத நிலையிலும் அங்கே போய் உட்கார ஆள் கிடைப்பதுதான் கடினம். வலங்கைமானிலிருந்து பேருந்தில் வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அவர் மறுபடி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் வாரம் முழுவதும் திறப்போம் என்ற ஆசையை விட்டுவிட்டு, சனி, ஞாயிறு மாலை 4 முதல் 8 மணி வரை மட்டும் என்று குறுக்கிக்கொண்டோம். முறைக்கு இருவர், ஒருவருக்கு உடல்நலமில்லை என்றாலும் மற்றவர் இருப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், இல்லத்தரசிகள், ஒரு தையற்கலைஞர் என்று பலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வருபவர் கேட்காமல் படத்துக்குப் பொருள் சொல்லத் தொடங்கக்கூடாது என்பது அவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒரே கட்டுப்பாடு. ஆசிரியர்களுக்கு அது சற்றுச் சிரமமாகத்தான் இருக்கும்.

முதல் காட்சி, பக்கத்தில் இருக்கும் சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் மெழுகு உருவங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, விரல் நகம் வரை செதுக்கிய உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசிச் சூடாக்கும்போது மெழுகு உருகி வெளியேறிவிடுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில்தான் உலோகம் பாய்கிறது. ஆகவே ஸ்தபதியின் கைபட்ட முதல் உருவத்தைப் பட்டறைக்கு வெளியே இருப்பவர்கள் பார்ப்பதே இல்லை. வார்ப்புக்குப் போகாமல், காட்சிக்கென்றே சில உருவங்களைச் செய்துதர அவர்கள் இசைந்திருக்கிறார்கள். வெயிலில் மெழுகு இளகும் என்பதால், பட்டறையில் செய்வதுபோலவே அவற்றில் சிலவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காட்டவிருக்கிறோம். அந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்றவும் ஆள் வேண்டும். மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கக்கூடிய கும்பகோணத்து நேயர்கள், எந்த வாரக்கடைசியிலும் வந்து முறைப்பட்டியலில் பெயர் எழுதலாம். வணக்கம்.