கொடிமரம் விலகிய ஊரில்

தாய்மார்களே, பெரியவர்களே, கைசிக ஏகாதசிக்குத் திருக்குறுங்குடிப் பெருமாளான நம்பியைச் சேவிக்க வந்த இடத்தில் என்னையும் பேசச் சொல்லிவிட்டார்கள், ராத்திரி நம்பாடுவான் கதை நாடகம் வேறு இருக்கிறது, ரொம்ப நீட்டமாட்டேன்.

சாமி பார்ப்பது என்றால் நாம் போய்ப் பார்ப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம்ம பக்கத்துக் கோயில்களில் நடப்பது வேறு. வைகாசியில் ஆழ்வார்திருநகரிக்குப் போங்கள், நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் ஒன்பது கருடன் மேல் ஏறி நம்மாழ்வாரைத் தேடி வந்து நிற்பார்கள். ஆழ்வார் புளியமரத்தடியில் இருந்த இடத்திலேயே இருந்தார், அலைந்தது பெருமாள். சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்குக் கோமதி அம்மனே காட்சி வேண்டித் தவம் இருக்கிறாள், அங்கேயும் சங்கரநாராயணர் ரத வீதிக்கு இறங்கி வந்துதான் காட்சி கொடுக்கிறார்.

திருக்குறுங்குடி இதில் இன்னும் ஒரு படி மேல். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என்று இத்தனை கோலத்தில் இருந்தும் இவருக்கு ஒருவர் கண்ணில் பட முடியவில்லை. மகேந்திரகிரி அடிவாரத்து நம்பாடுவான், பாணர் குலம். உள்ளே விடமாட்டார்கள். விடியுமுன் வந்து வெளியே நின்று பாடிவிட்டுப் போவார். கார்த்திகை ஏகாதசி ராத்திரி அப்படி வரும்போது வழியில் ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் தின்றுகொள் என்று சத்தியத்துக்கு மேல் சத்தியமாகப் பண்ணி, பதினெட்டாவது சத்தியத்தில்தான் அவன் பிடியை விடுகிறான். சாகப் போகிறவர் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்றால் நேர் எதிரே கொடிமரம் மறைக்கிறது. நம்பி அதை விலகச் சொன்னார், விலகியது. இன்றைக்கும் அது சன்னதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கித்தான் நிற்கிறது, உள்ளே போகும்போது பாருங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் உருகுவோம், நானும் உருகுவேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்பி மரத்தைத்தான் நகர்த்தினார். நம்பாடுவானை உள்ளே அழைத்து நிறுத்தியதாகக் கதையில் இல்லை. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியதும் இதே மாதிரிதான், பார்வைக்கு வழி கிடைத்தது, காலுக்குக் கிடைக்கவில்லை. கதை கேட்டுக் கண்ணீர் விட்ட நம்ம முன்னோர்கள் மறுநாளும் வாசலில் ஆளை மறித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1939-ல் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத குலத்துக் கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார், சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வர 1947 ஆயிற்று. கல்லும் மரமும் ஒரு ராத்திரியில் கேட்டதை மனுஷன் கேட்க எத்தனை நூற்றாண்டு!

இப்போது வரிசையில் காசுக்குத் தகுந்த தூரம் என்று வைத்திருக்கிறோமே, அதைப் பற்றிப் பேசினால் நாடகத்துக்கு நேரமாகிவிடும்.

சரி, கதைக்கு வருவோம். பார்த்தாயிற்று, நம்பாடுவான் என்ன செய்தார்? வேறு வழியாகத் தப்பி ஓடியிருக்கலாம். வழியில் கிழவர் வேஷத்தில் நம்பியே மறித்து, உயிர் பிழைக்கப் பொய் சொன்னால் பாவமில்லை, ஓடிப்போ என்கிறார். இவர் கேட்கவில்லை. நேரே ராட்சசனிடம் போய் நிற்கிறார். அவனுக்கோ பசி போயே போய்விட்டது, பாட்டின் பலனைக் கொடு, இந்தப் பிறவி தீரட்டும் என்று கெஞ்சுகிறான். கைசிகப் பண்ணில் பாடிய அந்தப் பாட்டின் பலனைக் கொடுத்து அவனையும் கரையேற்றுகிறார்.

இடையில் தேய்ந்துபோயிருந்த இந்த நாடகத்தை 1999-ல் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் பேராசிரியர் சே. ராமானுஜமும் முயன்று மீட்டார்கள், அதனால்தான் நாம் இன்றைக்குப் பார்க்கிறோம். கிழவர் வந்து மறிக்கிற காட்சி பின்னால்தான் வரும். பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடுவார்கள், எழுப்பிவிடுங்கள்.